டோக்கன் அக்கா வேவு பார்த்த டைனோசர் பூங்கா

துணிக்கடையின் இரண்டாம் மாடியில், உடை போட்டுப் பார்க்கும் அறைகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்திருப்பவளைக் கடையில் எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை உடை உள்ளே போகிறதோ, அந்த எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கனைக் கொடுப்பாள். வெளியே வரும்போது டோக்கனையும் உடைகளையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். கேட்பதற்கு என்னவோ காற்றாட உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை மாதிரி இருக்கும். நாலு நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி!

மூன்றோடு உள்ளே போனவள் இரண்டோடு வருவாள். "இன்னொண்ணு எங்கம்மா?" என்றால், "உள்ளேயே மாட்டிட்டு வந்துட்டேன்" என்பாள். போய்ப் பார்த்தால் வெறும் ஹேங்கர் ஆடிக்கொண்டிருக்கும். புதுசை உள்ளே போட்டு, அதன்மேல் பழசைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நிற்பாள். இப்படி எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள் அக்கா! புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். "மூஞ்சியப் பார்க்காதீங்கடி, கையைப் பாருங்க. மூஞ்சியை யார் வேணா கழுவித் துடைச்சு வச்சுக்கலாம். கை பொய் சொல்லாது." எடுக்கக் கூடாததை எடுத்தவர்களின் கை, பையின் வாயை விடாது. கண் வாசலுக்குப் போய்ப் போய் வரும். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வரும்.

இந்தப் புத்தியைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. வந்துவிடுவாளா! குழாய் ரிப்பேருக்கு வந்தவன் வாசலைத் தாண்டும் வரை முதுகுக்குப் பின்னாலேயே நிற்பாள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி பார்ப்பாள். சின்ன வயதில் அவளுக்கு ஒரு கல்யாணம் பேசி முடிவாகும் நிலைக்கு வந்தது. மாப்பிள்ளை வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனிக்கு இவளே நேரில் போய் விசாரித்தாள். அப்படி ஒரு ஆளே அங்கே இல்லை. அத்தோடு கல்யாணப் பேச்சுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

ஆக, சந்தேகம் அவளைக் காப்பாற்றியது. சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒரு தடவைதான். ஒரே தங்கை, "வெறும் களைப்புதான்க்கா, தூங்கினா சரியாப் போயிடும்" என்று சிரித்தாள். அக்கா நம்பினாள். அது களைப்பு இல்லை என்று தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தங்கை போனாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த ஒரு பெண்ணும், நடை பழகி முடிக்காத ஒரு பையனும் மிச்சம். அக்கா தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளின் தும்மலைக் கூட அவள் விசாரிக்காமல் விட்டதில்லை.

இப்போது அந்த வீட்டுக்குள் ஒருத்தி வரப் பார்க்கிறாள்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிறவள். சின்னவனுக்குப் பல் சொத்தையானபோது அவன் அப்பா அங்கே கூட்டிப் போயிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு சொத்தையே இல்லாதபோதும் போய் வந்தார்கள். பிள்ளைகள் அவளுக்குப் 'பல்லு ஆன்ட்டி' என்று பெயரும் வைத்துவிட்டன. அப்பா மரச்சாமான் கடைக்கு வேன் ஓட்டுகிற மனிதர்; சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று, ஈரமே இல்லாத கையைத் துண்டில் துடைத்துத் துடைத்து விஷயத்தைச் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்க்கா. பிள்ளைங்களை வளர்த்தது நீங்க. அந்தப் பொண்ணோட ஒரு நாள் பழகிப் பாருங்க. வேண்டாம்னு தோணுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். ஏன்னு கூட கேக்க மாட்டேன். இந்தப் பேச்சையே விட்டுடறேன்."

அக்காவின் மனசு அப்போதே வேண்டாம் என்றது. ஆனால் வாய், "பார்க்கலாம் தம்பி" என்றது.

பள்ளிக்கூட விடுமுறை. டைனோசர் பூங்காவுக்குப் போயே ஆக வேண்டும் என்று பெரியவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருந்தார்கள். அப்பாவுக்கு அன்று லோடு. சாயங்காலம் வேனோடு வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அக்கா, பல்லு ஆன்ட்டி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் பஸ் ஏறினார்கள். நியாயமாகப் பார்த்து நியாயமாகத்தான் சொல்லப் போகிறேன் என்று அக்கா தன்னிடமே சொல்லிக்கொண்டாள். நம்புகிறவர்கள் நம்பலாம். எடை போடுமுன்பே தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்தாயிற்று. ஒரே ஒரு குறை, கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி ஒரு குறை, அது கிடைத்தால் போதும் அவளுக்கு.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கியாம்மா?" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்தாள்.

"இல்லக்கா. இதான் முதல் தடவை. வந்ததே இல்ல. எனக்கு எங்க நேரம்?"

ஒரு கேள்விக்கு மூன்று பதில். அக்காவின் காது விடைத்துக்கொண்டது.

பூங்கா வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் பல்லு ஆன்ட்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "அட, நேத்துதானே வந்தீங்க, இன்னைக்கும் வந்துட்டீங்களா? இன்னைக்குக் குடும்பத்தோடயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பின்னால் போன அக்கா, "என்னம்மா, அவர் உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறார் போல."

சொன்னவளின் கை, தோள்பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். ஆஹா, தானாக வந்து விழுகிறதே என்று அவளுக்குள் ஒரு குதூகலம். நேற்று வந்திருக்கிறாள். யாரோடு? எதற்கு? அதை ஏன் மறைக்க வேண்டும்? மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் என்ன பயம்?

உள்ளே வளைந்து வளைந்து போகிற பாதை. இரண்டு பக்கமும் புதர். புதர்களுக்கு நடுவே ஆள் உயரத்திலும் மாடி உயரத்திலும் ரப்பர் தோல் போர்த்திய டைனோசர்கள். யாராவது பக்கத்தில் போனால் கழுத்தைத் திருப்பி, வாயைப் பிளந்து, வயிறு அதிர்கிற மாதிரி கத்தும். பெரியவள் பெரியம்மாவிடம் வளர்ந்த பிள்ளையல்லவா, ஒன்றையும் சும்மா விடவில்லை. முட்டையை விரலால் தட்டிப் பார்த்து, "பெரியம்மா, உள்ள ஒண்ணுமில்ல, வெறும் காத்து" என்றாள். நீளக் கழுத்துக்காரனின் பின்னால் போய்க் குனிந்து, "வால்ல வயர் போகுது பெரியம்மா!" என்று துப்புக் கொடுத்தாள். மற்ற நாளாக இருந்தால் அக்கா பூரித்துப் போயிருப்பாள். இன்று அவள் கண் வேறு இடத்தில் இருந்தது.

பல்லு ஆன்ட்டி டைனோசரைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் புதருக்குள் எதையோ தேடினாள். உடனே குனிந்து சின்னவன் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். அவன் மண்டையை மண்டையை ஆட்டினான், விரல்களை மடக்கினான். அடுத்த வளைவு, மறுபடியும் கிசுகிசு. ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. எல்லாரும் நேரே போக, அவள் மட்டும், "இந்தப் பக்கம் போலாம்க்கா, நிழலா இருக்கும்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு மரம் கிடையாது. மொட்டை வெயில்.

அக்கா சின்னவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆன்ட்டி காதுல என்னடா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

"ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரம் சொல்றாங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "சொல்லக் கூடாது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தூக்கி வளர்த்த பிள்ளை! இவன் பேசிய முதல் வார்த்தையிலிருந்து எல்லாம் இவள் காதில்தான் விழுந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவே 'சொல்லக் கூடாது' என்று ஒன்று இன்றுதான் முளைத்திருக்கிறது. கல்யாணம் ஆவதற்குள்ளேயே பிள்ளையைப் பிரிக்கிறாளே பாவி என்று பற்றிக்கொண்டு வந்தது. இருடி, இரு, உன் குட்டை உடைக்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

மதியம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியையும் பழத்தையும் தின்றார்கள். பல்லு ஆன்ட்டி பாதி ரொட்டியோடு எழுந்தாள். "கை கழுவிட்டு வந்துடறேன்க்கா." குழாய் இடது பக்கம் இருந்தது. அவள் வலது பக்கம் போனாள். தோள்பையையும் எடுத்துக்கொண்டு போனாள். கை கழுவப் போகிறவளுக்குப் பை எதற்கு?

அக்கா பிள்ளைகளை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டாள். "வாங்க, சும்மா ஒரு நடை போய்ட்டு வருவோம்."

"நான் இன்னும் பழம் சாப்பிடல" என்றாள் பெரியவள்.

"வழியில சாப்பிடு. சத்தம் போடாதே."

கழிப்பறைகளைத் தாண்டி, 'பணியாளர்கள் மட்டும்' என்று எழுதிய தட்டியைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகை. அதன் ஓரத்தில் ஒரு இளைஞன் நின்றிருந்தான். இடுப்புக்குக் கீழே பச்சை டைனோசர், இடுப்புக்கு மேலே நனைந்த பனியன். டைனோசரின் தலை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பல்லு ஆன்ட்டி தன் பையிலிருந்து ஒரு குளிர்பான பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நேத்து சொன்னதுதான் தம்பி, மறந்துடாதீங்க. கூட ஒரு அக்கா வந்திருக்காங்க. அவங்களுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"சரிங்க. ஆனா சூப்பர்வைசர் பார்த்தா என் வேலை போயிடும்."

மாட்டினாள்! அந்த நிமிஷம் அக்காவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கடையில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள், ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. வீடு மிஞ்சியது, பிள்ளைகள் மிஞ்சினார்கள். சாயங்காலம் ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"எந்த அக்காவுக்கு, எது தெரியக் கூடாது?" என்று முன்னால் போய் நின்றாள்.

இளைஞன் துள்ளித் திரும்பினான். அவன் வால் பட்டுப் பக்கத்திலிருந்த வாளி உருண்டது. "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் வெறும் டைனோசருங்க!"

"நீ சும்மா இரு, உன்கிட்ட அப்புறம் வரேன்." அக்கா பல்லு ஆன்ட்டியின் பக்கம் திரும்பினாள். "நேத்து இங்க வந்தியா, இல்லையா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வந்தேன்க்கா."

"யாரோட?"

"தனியாத்தான்."

"தனியா வந்து டைனோசர் பார்க்க நீ என்ன பச்சைக் குழந்தையா? யாருகிட்ட கதை விடறே? நான் எத்தனை பேரைப் பார்த்தவ தெரியுமா? இவன் யாரு உனக்கு?"

பல்லு ஆன்ட்டி வாயைத் திறக்குமுன் சின்னவன் அக்காவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். மெல்ல நாற்காலிக்குப் பக்கத்தில் போனான். ஒரு விரலால் டைனோசரின் மூக்கைத் தொட்டான், வெடுக்கென்று எடுத்துக்கொண்டான், மறுபடி தொட்டான். "ஆன்ட்டி, நீங்க சொன்ன பச்சை இதுதானா? இந்த மாமாதான் உள்ள இருக்காங்களா?" பிறகு இளைஞனை அண்ணாந்து பார்த்தான். "ஜிப் எங்க?"

இளைஞன் திரும்பி முதுகைக் காட்டினான். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க க்ளினிக்ல குழந்தைங்களுக்கு எதையும் திடீர்னு செய்ய மாட்டோம்க்கா" என்றாள் பல்லு ஆன்ட்டி. "முதல்ல சொல்வோம், அப்புறம் காட்டுவோம், அதுக்கப்புறம்தான் செய்வோம். இந்த மெஷின் கத்தும், நீ அஞ்சு எண்றதுக்குள்ள நின்னுடும்னு சொல்லிட்டா பாதி பயம் போயிடும். இங்க எது எங்க கத்தும், எவ்வளவு நேரம் கத்தும்னு எனக்கே தெரியாம நான் இவனுக்கு என்னன்னு சொல்றது? அதான் நேத்து லீவு போட்டுட்டு வந்து பார்த்துட்டுப் போனேன். கடைசியா இவர் வேஷம் போட்டுக்கிட்டுப் பிள்ளைங்க நடுவுல ஓடி வருவாராம். அதுக்கு முன்னாடி இவனுக்கு ஒரு தடவை தலையைக் கழட்டிக் காட்டுங்கன்னு கேட்டேன்."

"ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு கத்த விட்டுக் கேட்டாங்கம்மா" என்றான் வெறும் டைனோசர். "இந்தம்மாவுக்கு வீட்டுல ஏதோ கஷ்டம் போலன்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

காதில் கிசுகிசுத்தது, புதருக்குள் ஸ்பீக்கரைத் தேடியது, விரல் மடக்கியது, நேர்ப்பாதையின் பெரிய சத்தத்தைத் தவிர்க்க வெயில் பாதையில் இழுத்துப் போனது எல்லாம் அக்காவின் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. அப்படியும் அவளால் விட முடியவில்லை.

"இவனுக்குப் பயம்னு உனக்கு யார் சொன்னது? என் பிள்ளைக்குப் பயமே கிடையாது."

பல்லு ஆன்ட்டி தலை குனிந்தாள். "அவன்தான்க்கா சொன்னான். டைனோசர் பார்க் வேண்டாம் ஆன்ட்டின்னு அழுதான். அவன் அக்கா ஆசைப்படறா, அதனால வீட்டுல சொல்ல மாட்டேன்னான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். அதனாலதான் வந்ததே இல்லைன்னு பொய் சொன்னேன்."

அக்கா அப்படியே தரையில் குந்தினாள். சின்னவன் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா கண்ணா, பெரியம்மாகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே" என்றான் அவன். குற்றம் சொல்லும் குரல் இல்லை, மழை பெய்தது என்று சொல்வது மாதிரி சொன்னான். "மிக்சி சத்தம் பயமா இருக்குன்னு சொன்னேன். நடிக்காதடான்னு சொன்னீங்க. அப்புறம் இடி இடிச்சப்ப சொன்னேன். அப்பவும் நடிக்கிறேன்னு சொன்னீங்க."

"ஆமா பெரியம்மா" என்று பெரியவள் சாட்சிக்கு வந்தாள். "பள்ளிக்கூடம் போகாம இருக்க இவன் வேஷம் போடறான்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

சொன்னாள்தான். எல்லாம் நினைவுக்கு வந்தது. மிக்சி ஓடும்போதெல்லாம் அவன் சமையலறை வாசலில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். ஊரார் கையையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தவள், வீட்டில் அந்தக் குட்டிக் கைகளைப் பார்த்தும் பார்க்காமல் விட்டாளே! அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதாள். வெறும் டைனோசர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் துண்டை நீட்டினான். அது வியர்வையில் ஊறியிருந்தது. அவள் அதை வாங்கியே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பச்சை டைனோசர் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தது. பிள்ளைகள் வீல் வீலென்று கத்திச் சிதறின. பெரியவளே ஒரு பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சின்னவன் நகரவில்லை. உதடு நடுங்கியது, கால் நடுங்கியது, ஆனாலும் நின்றான். பல்லு ஆன்ட்டியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினான். டைனோசர் அவனைக் கடக்கும்போது லேசாகக் கை அசைத்தது. அவன் சிரித்துவிட்டான். அந்தப் பக்கம் நின்றிருந்த அக்காவின் கை சும்மா தொங்கியது. பொறாமைதான்; வேறு என்ன பெயர் சொல்வது? வயிறு எரிந்தது அவளுக்கு. எரியட்டும் என்று நின்றாள்.

வெளி வாசலில் வேன் வந்து நின்றது. பிள்ளைகள் ஓடிப் போய் ஏறின. பல்லு ஆன்ட்டி அவர்களை உட்கார வைக்கப் போனாள். வேன்காரர் இறங்கி அக்காவிடம் வந்தார். மனிதர் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார் போல, முகம் வாடிக் கிடந்தது.

"என்னக்கா?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

வார்த்தை அக்காவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நேற்றே வந்துவிட்டு வரவில்லை என்று என் முகத்துக்கு நேரே பொய் சொன்னாள், பிள்ளையிடம் ரகசியம் பேசினாள். அவ்வளவும் நிஜம். ஒரு எழுத்துக் கூட்டத் தேவையில்லை. சொன்னால் அவர் ஏன் என்று கூட கேட்க மாட்டார். நாளைக்கும் அதே சமையலறை, அதே பிள்ளைகள், எல்லாம் அவளுக்கே.

"தள்ளிப் போடாதீங்க தம்பி" என்றாள். "சீக்கிரமா கல்யாணத்துக்கு நாள் பாருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சின்னவன் அதற்குள் பின் சீட்டில் பல்லு ஆன்ட்டியின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். அக்கா அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனது.

"நான் பொய் சொன்னதை அவர்கிட்ட சொல்லலையாக்கா?" என்று பல்லு ஆன்ட்டி மெல்லக் கேட்டாள்.

அக்கா சின்னவனின் காலை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"சொன்னா நீ போயிடுவே. நீ போயிட்டா, இவன் பயந்தா யார்கிட்டடி போய்ச் சொல்வான்?"